சுருட்டிக் கட்டிய படுதா

டிரைவரண்ணே, நீங்கள் படுதாவைச் சுருட்டிக் கட்டிய முதல் நாள் உங்களைத் திட்டியவர்களில் நானும் ஒருத்தி. வாய்விட்டுத் திட்டவில்லை, மனசுக்குள்தான். இன்றைக்கும் விடியற்காலையில் ஜீப்பில் ஏறும்போது என் கண் முதலில் போவது பின்பக்கம் தொங்கும் அந்தப் படுதாவுக்குத்தான். பச்சை நிறம் வெளுத்துச் சாம்பலாகிவிட்டது. கீழ் ஓரம் கிழிந்த இடத்தில் உரச்சாக்குத் துண்டு வைத்துத் தைத்திருக்கிறது. சுருட்டிக் கட்ட இரண்டு கயிறு. இடது பக்கம் நைலான் கயிறு. வலது பக்கம் மஞ்சள் பூப்போட்ட ஒரு பழைய சேலைக் கிழிசல். பழைய கயிறு எங்கோ வளைவில் அறுந்து விழுந்த அன்று உங்கள் வீட்டு அக்கா கொடியில் கிடந்ததைக் கிழித்துக் கொடுத்தது அது. இதெல்லாம் ஏன் இவ்வளவு பிசகாமல் ஞாபகம் இருக்கிறது என்று யோசித்துப் பார்க்கிறேன். ஆறு மாதம் அந்தக் கயிறுகளைப் பார்த்துக்கொண்டேதான் மலை ஏறினேன். மனுசர் முகத்தைப் பார்க்க அப்போது எனக்குத் தைரியம் இல்லை.

அந்த ஜீப்பை ஓட்டியவர் எனக்குச் சொந்தம் இல்லை. எங்கள் தெருவில் யாருக்குமே சொந்தம் இல்லை. ஆனாலும் எங்களுக்கெல்லாம் அவர் டிரைவரண்ணன்தான். போடிக்கு மேற்கே, மலை அடிவாரத்தில் இருக்கிறது எங்கள் தெரு. இருட்டுப் பிரியும் முன்னால் பெட்டிக்கடை வாசலில் அவருடைய ஜீப்பு நிற்கும். சோற்று வாளியும், இடுப்பில் கட்டும் பிளாஸ்டிக் தாளுமாகப் பதினாலு பொம்பளைகள் ஏறுவோம். போடிமெட்டு தாண்டி, கேரளப் பக்கத்து ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கிற வேலை. இறங்கி வரும்போது மறுபடியும் இருட்டியிருக்கும். இப்படி வாழ்கிறவர்களுக்கு ஒரு விசயம் உண்டு, வெளியில் இருப்பவர்களுக்கு அது எளிதில் தோன்றாது. ஆஸ்பத்திரி திறக்கும்போது நாங்கள் செடிக்கடியில் குனிந்திருப்போம். நாங்கள் வரும்போது அதைப் பூட்டியிருப்பார்கள். எங்கள் தெருவைப் பார்க்கிற நர்சம்மா பத்து மணிக்கு வருவார், நல்ல மனுசி, ஒரு வீடு விடாமல் தட்டுவார். பாதி வீட்டில் பூட்டுதான் பதில் சொல்லும். டிரைவரண்ணன் இதைச் சொல்லித்தான் ஒருமுறை அவரைக் கேலி செய்தார். "நர்சக்கா, நீங்க வர்ற நேரத்துக்கு எங்க தெருவுல கோழிக்குத்தான் ஊசி போடணும்."

அந்த ஜீப்புக்கு செல்ப் எடுக்காது. பாட்டரி எப்போதோ செத்துவிட்டது. காலையில் நாங்கள் பதினாலு பேரும் இறங்கிப் பின்னாலிருந்து தள்ளுவோம், அவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு "இன்னுங் கொஞ்சம், ஆத்தாமாரே, காலையில தின்ன பழைய சோறு எங்க போச்சு" என்பார். வண்டி ஒருமுறை உறுமி எடுத்துவிட்டால் பிறகு அவர் இருக்கையை விட்டு இறங்கவே மாட்டார். கால் எடுத்தால் நின்றுவிடும், நின்றால் மறுபடி தள்ள வேண்டும். இந்தச் சின்னச் சங்கதியை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இது பெரிய சங்கதி ஆகிவிட்டது.

நான் அந்தத் தோட்டத்துக்கு என் பேரில் போகவில்லை. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு, வீட்டுச் சோலியைப் பார்த்துக்கொண்டு இருந்தவள். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அங்கே பேர் போட்டு வேலை பார்த்தது என் அக்காதான். அவள் பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்தபோது, பேர் விடுபட்டுப் போகக்கூடாது என்று என்னை அனுப்பினாள். தொடர்ந்து வராத பேரை அடித்துவிடுவார்கள், அடித்தால் பி.எஃப்., போனஸ் எல்லாம் போச்சு. எங்கள் பக்கத்தில் இதைப் 'பேருக்குப் போறது' என்போம். தங்கச்சி அக்கா பேருக்குப் போவாள், மருமகள் மாமியார் பேருக்குப் போவாள். கங்காணிக்குத் தெரியும், தெரியாத மாதிரி இருப்பார். பேர் கூப்பிடும்போது அக்கா பேருக்கு நான் கை தூக்குவேன். கொஞ்ச நாளில் ஜீப்பிலும் என்னை அக்கா பேர் சொல்லியே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள், கிண்டலாகத்தான். நானும் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டேன்.

இருமல் எப்போது தொடங்கியது என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. மழைக்காலம் முடிந்து, பனி இறங்கிய நாட்களில் இருக்கும். சாயங்காலம் உடம்பு கதகதவென்று இருக்கும், காலையில் சரியாகிவிடும். பாவாடை நாடாவை இன்னும் ஒரு முடிச்சு இறுக்க வேண்டி வந்தது. மலைக்காற்று என்று நினைத்துக்கொண்டேன். பனிக்காலத்தில் ஜீப்பின் படுதாவை நாலு பக்கமும் இறக்கிக் கட்டிவிடுவோம். உள்ளே ஒருவர் மூச்சில் ஒருவர் குளிர்காய்ந்துகொண்டு போவோம், அது ஒரு சுகம். ஒருநாள் காலை, ஏறி உட்கார்ந்ததும் டிரைவரண்ணன் முன்னாலிருந்து கேட்டார்.

"பின்னாடி யாரு இருமுறது?"

"நாந்தாண்ணே. தூசி."

"பனியில ஏது தாயி தூசி?"

மறுநாள் நாங்கள் வந்து பார்த்தால் பின்பக்கப் படுதா சுருட்டிக் கட்டியிருந்தது, பக்கவாட்டிலும் பாதிக்குத் தூக்கியிருந்தது. என்னைப் பார்த்து, "ஒனக்கு வளைவுல வாந்தி வருதுல்ல, நீ இனிமே கடேசி சீட்டு" என்றார். எனக்கு ஒருநாளும் வாந்தி வந்தது கிடையாது. வண்டி மலை ஏற ஏறக் குளிர் ஊசி மாதிரி இறங்கியது. எல்லோரும் முக்காடு போட்டுக்கொண்டு முனகினார்கள். மூன்றாவது சீட்டுப் பெரியம்மாவுக்குத்தான் வாய் அதிகம்.

"ஏப்பா, எங்கள என்ன பொணமா ஏத்திட்டுப் போற, ஐசுல வச்சு?"

"பனியில செத்தவன் இந்த மலையில எவனுமில்ல பெரியம்மா. மூடிக்கிட்டுச் செத்தவன் உண்டு."

அவர் சொன்னது அவருடைய தம்பியை என்பது எனக்குப் பல மாதம் கழித்துத்தான் தெரிந்தது. எஸ்டேட்டில் வேலைக்காரர்கள் தங்கும் லயத்தில், குளிருக்குப் பயந்து ஜன்னலைச் சாக்கு வைத்து அடைத்த ஓர் அறையில், அந்தத் தம்பி இருமி இருமியே போனாராம். கூட இருந்தவர்களுக்கும் ஒட்டிக்கொண்டதாம். அதை அவர் யாரிடமும் கதையாகச் சொல்ல மாட்டார். அவர் செய்ததெல்லாம் கயிற்றைக் கட்டியதுதான்.

அந்தச் சமயத்தில்தான் கேரளப் பக்கத்துச் சுகாதாரக்காரர்கள் தோட்டத்து ஸ்டோருக்கு வந்தார்கள். இருமல் இருக்கிறவர்கள் எல்லாம் வாருங்கள் என்று சின்னச் சின்ன டப்பா கொடுத்தார்கள். சளியைத் துப்பிக் கொடுத்துவிட்டு நின்றேன். மலையாளத்தில் ஒரு பெண் பேர் கேட்டாள். பக்கத்தில் கங்காணி நின்றுகொண்டிருந்தார். நான் யோசிக்கவே இல்லை. அக்கா பேரைச் சொன்னேன். வீட்டு விலாசத்தையும் சொன்னேன். அது பொய் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. அந்த மலையில் என் பேர் அதுதான். அந்த டப்பாவின் மேல் ஒட்டிய தாளில் அக்கா பேர், உள்ளே என் நெஞ்சுச் சளி. அவர்கள் தங்கள் வேலையைச் சரியாகச் செய்தார்கள். தாள் எல்லை தாண்டி, மலை இறங்கி, எங்கள் நர்சம்மா கைக்கு வந்து சேர்ந்தது. பத்து மணிக்கு அவர் வந்து கதவைத் தட்டினார். எங்கள் வீட்டுக் கதவு திறந்தது. மூன்று மாதக் கைக்குழந்தையோடு அக்கா நின்றாள். டிபி இருப்பதாகத் தாளில் இருந்தது அவள் பேர்தான்.

இருமல் இருக்கிறதா என்று நர்சம்மா கேட்டதற்கு அக்கா, இருக்கிறது, பிள்ளை பிறந்த பிறகும் கொஞ்ச நாள் மலைக்குப் போனேன் என்று சொன்னாளாம். இல்லை என்றால், பிறகு யாருடைய சளி என்று கேள்வி வரும். கேள்வி மலை ஏறினால் பேர் போய்விடும். சாயங்காலம் நான் வந்ததும் கதவைச் சாத்திவிட்டு எல்லாம் சொன்னாள். இரண்டு பேரும் அழுதோம். பிறகு இரண்டு பேரும் சேர்ந்து ஒரு யோசனை செய்தோம். அன்றைக்குப் பெரிய புத்திசாலித்தனமாகத் தெரிந்தது. நர்சம்மா தினமும் வந்து கண்ணெதிரே மாத்திரையை விழுங்கச் சொல்வார். அக்கா வாயில் போட்டு, நாக்குக்கு அடியில் ஒதுக்கிக்கொண்டு, தண்ணீரை மட்டும் குடிப்பாள். அவர் தெருமுனை திரும்பியதும் கையில் துப்பி, ஒரு தாளில் மடித்து வைப்பாள். இரவுச் சோற்றுக்கு முன் நான் அதை விழுங்குவேன். பாதி கரைந்து, ஓரம் மழுங்கி, சிவப்பாகப் பிசுபிசுக்கும். அக்காவின் நாக்கும் விரலும் செங்கல் நிறத்தில் இருக்கும். கரைந்த பாதி அவளுக்குள் போனது, மீதிப் பாதி எனக்கு. அந்தப் பாதியாவது என்னைக் காப்பாற்றும் என்று நம்பினேன். பக்கத்தில் குழந்தை படுத்திருக்கும். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருமுவேன். அதைத் தவிர வேறு ஒன்றும் செய்யத் தெரியவில்லை.

பத்து நாள் இப்படிப் போனது. ஒருநாள் இருட்டு விலகும் முன்னால், பெட்டிக்கடை வாசலில் டார்ச் லைட் வெளிச்சம். நர்சம்மா நின்றுகொண்டிருந்தார். டிபி இருப்பவரோடு ஒட்டிப் பழகியவர்கள் எல்லோரையும் பரிசோதிக்க வேண்டுமாம், அக்கா வேலைக்குப் போன ஜீப்பு எது என்று கேட்டு விசாரித்து, தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு வந்திருக்கிறார். வண்டியைத் தள்ளி முடித்து நாங்கள் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றோம்.

"அந்தப் பொண்ணுகூட உக்காந்து போனவங்க யாரு யாரும்மா? எல்லாரும் சளி குடுக்கணும்."

பதினாலு பேருக்கும் தெரியும். பெரியம்மாதான் கடைசியில், "எந்தப் பொண்ணும்மா? எங்களுக்கு நேரமாச்சு, கங்காணி கேட்டச் சாத்திப்புடுவான்" என்றாள். நான் என் காலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பெருவிரலில் அட்டை கடித்த தழும்பு இருந்தது, அதையே பார்த்தேன்.

டிரைவரண்ணன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"நர்சக்கா, இங்கிட்டு வாங்க. நான் எறங்குனா வண்டி நின்னுபோகும், அப்புறம் நீங்களும் சேந்து தள்ளணும்."

நர்சம்மா அவர் பக்கம் போனார். நான் இரண்டடி தள்ளி நின்றேன். இஞ்சின் சத்தத்துக்கு நடுவில் அவர் மெதுவாகப் பேசியது எனக்கு ஒரு சொல் விடாமல் கேட்டது.

"அந்தப் பேரு தெனமும் என் வண்டியில ஏறுதுக்கா. அந்தப் பொண்ணு ஏறி ஆறு மாசமாச்சு."

"என்ன சொல்றீங்க?"

"பேரு ஒருத்தியோடது, நெஞ்சு வேற ஒருத்தியோடது. நீங்க பேருக்கு மாத்திரை குடுத்துக்கிட்டு இருக்கீங்க. நெஞ்சு இங்கன இருமிக்கிட்டு நிக்கிது."

நர்சம்மா டார்ச்சை எங்கள் பக்கம் திருப்பினார். டிரைவரண்ணனே மறுபடி சொன்னார். "ஒங்க நோட்டு வேற, கங்காணி நோட்டு வேறதானக்கா? ஒண்ணுல எழுதுனது இன்னொண்ணுக்குப் போகாதுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. நெஞ்சே வந்து பேசும்."

"என் நோட்டு எதுக்குப்பா எஸ்டேட்டுக்குப் போகப்போகுது? அவங்க பேரு எனக்கு என்னத்துக்கு? எனக்கு ஆளுதான் வேணும்."

டிரைவரண்ணன் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. முன்னால் ரோட்டைப் பார்த்துக்கொண்டே, யாருக்கோ சொல்வது மாதிரி, "வீட்டுல பச்சப்புள்ள கெடக்கு" என்றார். அவ்வளவுதான். நான் போய், "நாந்தாம்மா" என்றேன். சொன்ன சொல்லோடு இருமலும் வந்தது. அன்றைக்கு நான் ஜீப்பில் ஏறவில்லை. பதிமூன்று பேரோடு வண்டி கிளம்பிப் போனது. சுருட்டிக் கட்டிய படுதாவுக்குக் கீழே பதிமூன்று முகமும் என்னையே பார்த்துக்கொண்டு போனது தெரிந்தது. மூடியிருந்தால் அந்த முகங்களைப் பார்த்திருக்க மாட்டேன். ஒரு முகத்திலும் கோபம் இல்லை. அதை நான் பார்க்க வேண்டியிருந்தது.

நாக்குக்கு அடியில் ஒளித்த கதையைக் கேட்டு நர்சம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். "மாத்திரைய ஒளிச்சவங்க எத்தனையோ பேரப் பாத்துட்டேன். தங்கச்சிக்கு ஊட்ட ஒளிச்சவள இப்பத்தான் பாக்குறேன்" என்று சொல்லி, சிரிக்கவும் முடியாமல் திட்டவும் முடியாமல் உட்கார்ந்திருந்தார். மறுபடி சளி எடுத்து, படம் எடுத்து, டாக்டர் பார்த்து, எனக்குப் புது அட்டை போட்டார்கள். அதில் என் பேர். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு என் பேர் எழுதி வந்த முதல் தாள் அந்த டிபி அட்டைதான். சந்தோசப்பட வேண்டிய விசயமா அது என்று தெரியவில்லை, ஆனால் அதைத் தடவிப் பார்த்தேன். குழந்தையையும் பரிசோதித்தார்கள். அவனுக்கு நோய் இல்லை, வராமல் இருக்க மருந்து கொடுத்தார்கள். இன்றைக்கு அவன் தெருவில் டயர் உருட்டிக்கொண்டு ஓடுகிறான்.

கொஞ்ச நாள் நான் வேலைக்கும் போகக்கூடாது, கூட்டத்திலும் உட்காரக்கூடாது. அப்படியானால் பேர்? அதற்கும் டிரைவரண்ணன்தான் வழி செய்தார். அந்தப் பொண்ணுக்கு அம்மை போட்டிருக்கிறது என்று கங்காணியிடம் சொல்லிவிட்டார். அம்மை என்றால் யாரும் வந்து பார்க்க மாட்டார்கள், எதிர்த்தும் பேச மாட்டார்கள். அக்கா பேருக்குத் தன் மனைவியை ஏற்றிக்கொண்டு போனார். டிரைவர் வீட்டு அக்கா அதுவரை தோட்டத்தில் கால் வைத்தது இல்லை, முதல் நாளே நாலு அட்டை கடித்து அழுதுகொண்டு வந்ததாம். கங்காணி கேட்டாராம், "என்னப்பா, இந்தப் பேருக்கு மட்டும் அப்பப்ப புது மூஞ்சி மொளைக்குது?" அண்ணன் சொன்ன பதிலை ஜீப்பே பல நாள் சொல்லிச் சிரித்தது. "ராசியான பேருண்ணே. யாரு மாட்டுனாலும் அளவு சரியா இருக்கு."

ஜீப்பில் எல்லோரும் சளி கொடுத்தார்கள். அதில் மூன்றாவது சீட்டுப் பெரியம்மாவுக்கும் இருந்தது. எனக்கு அன்றிலிருந்து ஒரே கேள்வி. என்னிடமிருந்து அவளுக்குப் போனதா, அவளிடமிருந்து எனக்கு வந்ததா? கண்ணுக்குத் தெரியாத ஒரு பொருள், பதினாலு பேர் மூச்சுக்கு நடுவில் யாரை எப்படிப் பார்த்து ஏறுகிறது? நர்சம்மாவிடம் கேட்டேன். "அதத் தெரிஞ்சு ரெண்டு பேரும் சண்டை போடப் போறீங்களா? முழுங்குங்க ரெண்டு பேரும்" என்றார். டிரைவரண்ணனிடம் கேட்டேன். "என் வண்டியில கேக்காம ஏறி, கேக்காம எறங்குற ஒரே ஆளு அதுதான். அதுக்குத்தான் வழிய தொறந்து வச்சிருக்கேன், வெளிய போகட்டும்னு" என்றார்.

நான் திரும்பி வேலைக்குப் போனபோது மாத்திரைகள் அவரிடம்தான் இருந்தன. டேஷ்போர்டுக்குக் கீழே ஒரு பிஸ்கட் டப்பாவில் என்னுடையது ஒரு பக்கம், பெரியம்மாவுடையது ஒரு பக்கம். போடிமெட்டில் டீ குடிக்க நிறுத்தும்போது கூப்பிடுவார். விழுங்கியதும், "நாக்கத் தூக்கிக் காட்டு. ஒங்க வம்சத்த நம்ப முடியாது" என்பார். டீக்கடைக்காரர் முன்னால் நாக்கைத் தூக்கிக் காட்டிக்கொண்டு நிற்பேன். அப்போதுதான் ஒருநாள் கேட்டேன், என் இருமலை மட்டும் எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று. "டீசல்ல தண்ணி கலந்தா வண்டி ஒரு மாதிரி இருமும், பில்டர் அடைச்சா ஒரு மாதிரி இருமும். அது தெரியாம எப்படி மலையில ஓட்டுறது?" என்றார். அது உண்மையான பதிலா, தம்பியைப் பற்றிப் பேசாமல் இருக்கச் சொன்ன பதிலா என்று இன்னும் யோசிக்கிறேன்.

அதற்குப் பிறகு நர்சம்மா வாராவாரம் புதன்கிழமை விடியற்காலையில் ஜீப்பு நிற்கும் இடத்துக்கே வர ஆரம்பித்தார். அது யாரும் போட்ட உத்தரவு இல்லை. கதவு திறந்திருக்கும் ஒரே இடம் ஜீப்புதான் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. பிரஷர் கருவி, சுகர் பார்க்கிற ஊசி, ஒரு டார்ச். அண்ணன் கால் மணி நேரம் வண்டியை உறும விட்டுக்கொண்டு காத்திருப்பார். எங்களில் நாலு பேருக்குப் பிரஷர் இருந்தது, இரண்டு பேருக்குச் சர்க்கரை. அதுவரை தலை சுற்றினால் பித்தம் என்று எலுமிச்சம்பழத்தை நக்கிக்கொண்டு வேலை பார்த்தவர்கள். பக்கத்துத் தெரு ஜீப்புக்காரர்களும் வந்து வண்டியை நிறுத்தினார்கள். வாராவாரம் கடைசியில் நர்சம்மா கேட்பார், "நீங்க வாங்க டிரைவரே." அவர் சொல்வார், "நான் எறங்குனா வண்டி நின்னுபோகும்க்கா. அடுத்த வாரம்." வாயில் பீடி இருக்கும். அடுத்த வாரமும் அதே பதில். அது எங்களுக்கு ஒரு வேடிக்கை மாதிரி ஆகிவிட்டது, அவர் சொல்லும் முன்னால் நாங்களே சேர்ந்து சொல்லுவோம்.

போன மழைக்காலத்தில், ஒரு மத்தியானம். தோட்டத்து வாசலில் ஜீப்பை நிறுத்திவிட்டு முன்சீட்டில் படுத்திருந்தவர், தண்ணி கொண்டா என்று குரல் கொடுத்தார். நான்தான் பக்கத்தில் இருந்தேன். கொண்டுபோனபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வேர்த்துக் கொட்டியபடி உட்கார்ந்திருந்தார். அந்த மழைக் குளிரில் அப்படி வேர்க்கக்கூடாது என்று எனக்குத் தெரிந்தது. கத்தினேன். எல்லோரும் ஓடிவந்தார்கள். ஜீப்பு அங்கேயே நிற்கிறது, டீசல் இருக்கிறது, ரோடு கீழே போகிறது. அந்த ஜீப்பில்தான் எத்தனையோ பேரை, பிரசவ வலி வந்தவளை, பாம்பு கடித்தவனை, அவர் இறக்கிக்கொண்டு போயிருக்கிறார். தள்ளத் தெரிந்த பதினாலு பேர் இருந்தோம். ஓட்டத் தெரிந்தவள் ஒருத்தி இல்லை. கங்காணிக்கும் தெரியாது. போனுக்கு டவர் கிடையாது. ஒருத்தி மேட்டுக்கு ஓடினாள், ஒருத்தி அடுத்த தோட்டத்துக்கு ஓடினாள். அங்கிருந்து ஒரு டிரைவர் ஓடிவந்து சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. நாங்கள் தள்ளினோம். வாழ்க்கையில் அப்படி நான் எதையும் தள்ளியது இல்லை. பின்சீட்டில் அவர் தலை என் மடியில் இருந்தது. படுதாவைச் சுருட்டிக் கட்டியிருந்தது, சாரல் அடித்தது. மூடவா அண்ணே என்று கேட்டேன். வேண்டாம் என்று கையை அசைத்தார். அதற்குப் பிறகு அந்தக் கை அசையவில்லை. எத்தனையாவது வளைவில் என்று எனக்குத் தெரியாது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "இவருக்கு பிரஷர் இருந்ததா? எப்பவாவது பாத்திருக்கீங்களா?" எங்கள் பதினாலு பேர் பிரஷரும் நர்சம்மா நோட்டில் வாரம் தவறாமல் இருந்தது. அவருடையது ஒரு வரி இல்லை. எழவு வீட்டில் நர்சம்மா சுவரோரம் உட்கார்ந்திருந்தார், அழவே இல்லை, ஒரே ஒரு வார்த்தையைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். "அவர் எதுக்கு எறங்கணும்? ஜன்னல் வழியா கைய நீட்டச் சொல்லியிருக்கலாமே. கை மட்டும் போதுமே." அன்றிலிருந்து நானும் இதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். தினமும் அந்த ஜன்னல் வழியாக பீடிச் சாம்பலைத் தட்ட அதே கையை நீட்டுவார். பதினைந்து பேர் கண்ணும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. ஏன் ஒருத்தருக்கும் தோன்றவில்லை? எங்களைத் தேடி வந்த நர்சம்மாவுக்கும், எங்கள் இருமலைத் தேடிப் பிடித்த அவருக்கும், அந்த இரண்டு முழத் தூரம் எப்படித் தெரியாமல் போனது? பார்க்கிற இடத்தில் இருப்பவரை யாரும் பார்ப்பதில்லையோ என்னவோ. அவரிடம் கேட்டால் வண்டியை வைத்து ஏதாவது பதில் சொல்லியிருப்பார்.

இப்போது வண்டியை ஓட்டுவது அண்ணன் மனைவியின் தம்பி. பாட்டரி மாற்றவில்லை, இன்னும் தள்ளித்தான் எடுக்கிறோம். புதன்கிழமை நர்சம்மா வந்ததும் முதலில் போவது டிரைவர் ஜன்னலுக்கு. அவன் கையை வெளியே நீட்டிக்கொண்டு வெட்கத்தோடு உட்கார்ந்திருப்பான். அவனுக்குப் பட்டை கட்டிக் காற்றடித்து, நோட்டில் எழுதிய பிறகுதான் நாங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் காய்ந்த கண்மாய்க்குள் என்னையும் இன்னொருத்தியையும் உட்கார வைத்து ஸ்டியரிங் பிடிக்கச் சொல்லிக்கொடுக்கிறான். பெரியம்மா கரையில் உட்கார்ந்து, "மரத்துல ஏத்திராதீங்கடி, அந்த மரமாவது நல்லாருக்கட்டும்" என்று கத்துவாள்.

போன வாரம் பனி அதிகம். ஏறியதும் படுதாவை இறக்கச் சொல்லி எல்லோரும் சத்தம் போட்டார்கள். கடைசிச் சீட்டில், எனக்குப் பழகிப்போன அதே இடத்தில் உட்கார்ந்திருந்தேன். கையை உயர்த்தி நைலான் கயிற்றை அவிழ்த்துவிட்டேன். மஞ்சள் பூப்போட்ட கிழிசலின் முடிச்சில் விரலை வைத்தபோது உள்ளே இருந்து ஒரு இருமல் கேட்டது. புதிதாக வருகிற ஒரு பெண், யாருடைய பேருக்கு வருகிறாள் என்று நான் கேட்கவில்லை.

"யாரு தாயி இருமுறது?"

"நாந்தாங்க்கா. தூசி."

படுதாவை மறுபடியும் சுருட்டி, கயிற்றை ஒரு சுற்று கூடவே வைத்து இறுக்கிக் கட்டினேன். என்னைத் திட்டினார்கள். திட்டட்டும். புதன்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள்தான் இருந்தது.

இதைப் படிக்கிற எல்லோரும் எங்கள் டிரைவரண்ணனுக்காக ஒரு நிமிடம் வேண்டிக்கொள்ளுங்கள். எந்தச் சாமியாக இருந்தாலும் சரி. வேண்டும்போது வீட்டு ஜன்னலை மட்டும் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். மூடி வைத்த இடத்தில் இருக்க அவருக்குப் பிடிக்காது.